மூன்று பொட்டலம் தேயிலையும் எங்கள் வீட்டு டவரா செட்டும்

சித்திரையில், கத்திரி வெயில் தொடங்க நாலைந்து நாள் இருந்தபோது, புதுச்சேரியில் மூன்று பொட்டலம் தேயிலை வாங்கினேன். ஒன்று ஒயிட் டீ, ஒன்று கிரீன் டீ, ஒன்று ஊலாங். இப்போது ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. கிரீன் டீ ஆடியிலேயே தீர்ந்துவிட்டது. ஊலாங் இரண்டாவது பொட்டலம் ஓடுகிறது. ஒயிட் டீயில் ஆறு கிராம் மிச்சம். ஆறு மாதம் போட்டுக் குடித்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன். முதல் நாளே எழுதியிருந்தால் மூன்றுமே வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. பஸ் ஏறினால் முள்ளோடை, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டி முக்கால் மணி நேரத்தில் புதுச்சேரி. மிஷன் வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒரு சின்னத் தெருவில் அந்தக் கடை. பெயரைப் போடவில்லை. நான் எழுதுவது கடையைப் பற்றி அல்ல, இலையைப் பற்றி. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் கடைக்காரம்மா ஒவ்வொரு டப்பாவையும் திறந்து முகர்ந்து பார்க்கக் கொடுத்தார், இருபத்தைந்து கிராம்கூட நிறுத்துக் கொடுத்தார், பறித்த மாதத்தைப் பொட்டலத்தின் மேல் எழுதிக் கொடுத்தார். தேயிலை விற்கிற இடத்தில் நான் எதிர்பார்ப்பது இந்த மூன்றும்தான். இதற்கு முன்னால் இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய கிரீன் டீயில் தேதியே இல்லை. பிரித்தால் பாதி தூள், மீதி பழுப்பு இலை, வாசம் என்று எதுவும் இல்லை. நானூறு ரூபாய் போனது போனதுதான்.

மூன்றும் வேறு வேறு செடி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரே செடிதான். நாம் பால் டீக்குப் போடுகிற தூளும் அதே செடியிலிருந்துதான் வருகிறது. வாழைக்காயை நறுக்கிவைத்தால் கறுத்துப்போகிறதே, அதற்குக் காரணமான அதே வகை நொதி தேயிலையிலும் இருக்கிறது. பறித்த உடனே சூடு காட்டி அந்த நொதியை அடக்கிவிட்டால் இலை பச்சையாகவே நிற்கும், அது கிரீன் டீ. சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வறுக்கிறார்கள், ஜப்பானில் ஆவி காட்டுகிறார்கள். இலையின் ஓரங்கள் கசங்கும்படி குலுக்கி, பாதி கறுக்க விட்டு, அப்புறம் சூடு காட்டி நிறுத்தினால் ஊலாங். முழுக்கக் கறுக்க விட்டால் நம்முடைய கருந்தேயிலை. ஒயிட் டீக்கு இந்தக் கைவேலை எதுவும் கிடையாது. வறுப்பதில்லை, உருட்டுவதில்லை. இளங்கொழுந்தைப் பரப்பி நிதானமாக வாட விட்டுக் காயவைப்பார்கள், அவ்வளவுதான்.

முதல் நாள் மூன்றையும் பால் டீக்குப் போடுவதுபோலத் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் போட்டு மூடி வைத்தேன். கிரீன் டீ வேப்பங்கொழுந்து மாதிரி கசந்தது. ஊலாங் துவர்த்தது. ஒயிட் டீயில் ஒரு ருசியும் தெரியவில்லை, ஏனென்றால் ஒரு ஸ்பூன்தான் போட்டிருந்தேன். அந்தக் கொழுந்து பஞ்சு மாதிரி உப்பலாக இருக்கும், ஒரு ஸ்பூனில் ஒரு கிராம்கூட நிற்காது. ஊலாங் மிளகு மாதிரி உருண்டையாக இருப்பதால் அதே ஸ்பூனில் நான்கு கிராம் வரும். ஸ்பூன் கணக்கு இங்கே உதவாது. நகைக்கடைத் தராசு மாதிரி சின்னதாக ஒன்று வாங்கிக்கொண்டால் நல்லது.

எனக்கு வேலை தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில். அதனால் தேயிலையைக் குறை சொல்வதற்கு முன்னால் தண்ணீரைச் சோதிக்கத் தோன்றியது. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) தொள்ளாயிரத்தைத் தொடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 500, கடினத்தன்மைக்கு 200. இரண்டிலும் எங்கள் போர் தாண்டித்தான் நிற்கிறது. கடலோரத்து ஊர்க்காரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. அந்தத் தண்ணீரில் கிரீன் டீ போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிஷத்தில் மேலே எண்ணெய் படிந்ததுபோல ஓர் ஆடை மினுங்கும், டம்ளரைச் சாய்த்தால் அது துண்டு துண்டாக உடையும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் தேயிலையின் துவர்ப்புப் பொருளோடு சேர்வதால் வருவது அது. நிறம் மங்கும், வாசம் அமுங்கிவிடும். பால் டீயில் இதெல்லாம் தெரியாது, பால் மறைத்துவிடும்.

சரி, கேன் தண்ணீரில் போடுவோம் என்று போட்டேன். ஆடை இல்லை, நிறம் தெளிவாக இருந்தது. ஆனால் ருசி சப்பென்று இருந்தது. அந்தக் கேனில் டி.டி.எஸ். நாற்பதுதான். உப்பே இல்லாத தண்ணீரும் தேயிலைக்கு உதவாது என்று அன்றைக்குத் தெரிந்தது. ஒன்பது டம்ளர் கேன் தண்ணீருக்கு ஒரு டம்ளர் போர் தண்ணீர் கலந்தேன். நூற்றிருபத்தைந்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதே இலை, அதே சூடு, அதே நேரம், ஆனால் இனிப்பு எழுந்து வந்தது. இந்த ஆறு மாதத்தில் நான் கண்டுபிடித்ததிலேயே பெரியது இதுதான். விலை கூடின இலைக்குப் போவதற்கு முன்னால் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். உங்கள் வீட்டு போரை ஒரு முறை பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் கலக்குங்கள். எந்தத் தண்ணீராக இருந்தாலும் ஒரு தடவை நன்றாகக் கொதிக்க விடுங்கள். (தண்ணீரின் அருமை புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாகக் கட்டிய ஆயி மண்டபம்தான் இன்றைக்கும் பாரதி பூங்காவின் நடுவில் நிற்கிறது.)

அடுத்தது சூடு. கிரீன் டீக்கு எழுபதிலிருந்து எண்பது டிகிரி, ஒயிட் டீக்கு எண்பதிலிருந்து எண்பத்தைந்து, ஊலாங்குக்குத் தொண்ணூறுக்கு மேல். தேயிலைக்கு இனிப்பும் ஒருவிதக் குழைவும் தருவது தியானைன் என்ற அமினோ அமிலம், அது குறைந்த சூட்டிலேயே இறங்கிவிடும். கசப்பும் துவர்ப்பும் தருகிற கேட்டகின்களும் காஃபினும் சூடு ஏற ஏறத்தான் நிறைய இறங்கும். கிரீன் டீ கசக்கிறது என்கிற பலருக்கும் நடப்பது இதுதான்.

சீனாவில் தண்ணீர் காய்வதைக் கண்ணால் பார்த்தே சொல்வார்களாம். முதலில் இறால் கண், அப்புறம் நண்டுக் கண், அப்புறம் மீன் கண் என்று குமிழிக்குப் பெயர். இதை மாமியாரிடம் சொன்னேன். அவர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிப் பிறந்து வளர்ந்தவர். அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்று பாத்திரத்துக்குள் பார்த்தார். அடியில் பொடிப்பொடியாகக் குமிழி ஒட்டியதும், "ம், இறா கண்ணுதான்" என்றார். நான் தெர்மாமீட்டரை விட்டேன், எழுபத்தாறு. கொஞ்ச நேரத்தில் குமிழி பெரிதாகி ஒவ்வொன்றாக மேலே வரத் தொடங்கியது. "இது நண்டு." எண்பத்திமூன்று. அவருக்கு அதன் பிறகு தெர்மாமீட்டர் தேவைப்படவில்லை.

ஆனால் நம் ஊர்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் பாதியில் இறக்க எனக்கு மனசு வராது. அதற்கு நம் வீட்டிலேயே வழி இருக்கிறது. கொதித்த தண்ணீரை டம்ளரிலிருந்து டவராவுக்கு ஒரு முறை ஆற்றினால் எனக்குத் தொண்ணூறுக்குப் பக்கத்தில் வந்தது. இன்னொரு முறை ஆற்றினால் எண்பத்துமூன்று, நான்கு. மூன்றாவது முறை எழுபத்தெட்டு. ஊலாங்குக்குக் கெட்டிலிலிருந்து நேராக, ஒயிட் டீக்கு இரண்டு ஆற்று, கிரீன் டீக்கு மூன்று ஆற்று. எவர்சில்வர் தடிமனைப் பொறுத்து இரண்டு மூன்று டிகிரி கூடக் குறைய இருக்கலாம், கெட்டுப்போகாது. காபி ஆற்றத் தெரிந்த வீட்டில் இதற்கென்று தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. வடிகட்டி மட்டும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், இலை விரிய இடம் வேண்டும்.

இப்போது மூன்றையும் பற்றி.

கிரீன் டீ நீலகிரி இலை, வாணலியில் வறுத்தது, மாசி மாதம் பறித்தது. ஐம்பது கிராம் இருநூற்று இருபது ரூபாய். டம்ளருக்கு மூன்று கிராம் போட்டு இரண்டு நிமிஷம் வைத்தால் வெந்த பச்சைப்பயறு மாதிரி ஒரு வாசம் எழும், பின்னால் அவரைக்காயின் இனிப்பு. இரண்டாவது தண்ணீரும் நன்றாக இருக்கும், மூன்றாவது வெறும் நிறம்தான். ஒரு டம்ளர் ஏழு ரூபாய்க்குள் அடங்குகிறது. குறை என்று பார்த்தால், சீக்கிரம் கிழடாகிவிடுகிறது. வைகாசியில் இருந்த வாசம் ஆனி கடைசியில் பாதிகூட இல்லை. கடற்காற்று ஈரத்தில் எவ்வளவு இறுக்கி மூடினாலும் இப்படித்தான். கடலூர், புதுச்சேரிக்காரர்கள் ஐம்பது கிராமுக்கு மேல் ஒரே தடவையில் வாங்காதீர்கள். இன்னொன்று, எந்தத் தேயிலையையும் பெருங்காய டப்பா, சாம்பார்ப் பொடி இருக்கிற அலமாரியில் வைக்காதீர்கள், அந்த வாசத்தை அப்படியே இழுத்துக்கொள்ளும். கருவாடு காய்கிற வீட்டில் சொல்லவே வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்து, குளிர் அடங்கி அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் இலையின் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

கத்திரி வெயிலில் இந்தக் கிரீன் டீயைத்தான் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துக் குடித்தோம். ஒரு லிட்டருக்கு ஏழெட்டு கிராம், ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் தயார். கசப்பு துளியும் இருக்காது. எங்கள் வீட்டில் பன்னீர் சோடா வாங்குவது அந்த மாதம் நின்றே போனது.

ஊலாங் சீனாவின் ஃபுஜியன் மாகாணத்து ஆன்சியில் விளைந்தது, தியெ குவான்யின் வகை. குவான்யின் அங்கே கருணைத் தெய்வத்தின் பெயர். ஐம்பது கிராம் தொள்ளாயிரம் ரூபாய். கேட்டதும் நானும் தயங்கினேன். ஆனால் நான்கு கிராம் போட்டால் ஐந்து முறை தண்ணீர் ஊற்றலாம். முதல் ஊற்று முக்கால் நிமிஷம், அடுத்தடுத்து பத்து இருபது வினாடி கூட்டிக்கொண்டே போக வேண்டும். சின்னக் குவளைக்குப் பதினைந்து ரூபாய் என்று கணக்கு வருகிறது. முதல் ஊற்றில் மரமல்லிப் பூ வாசம். இரண்டாவதில் அந்தப் பூவோடு வெண்ணெய் உருகுகிற மணமும் சேரும். மூன்றாவதுதான் உச்சம், மனோரஞ்சிதத்தில் பூவா பழமா என்று பிரிக்க முடியாத ஒரு வாசம் இருக்குமே, அது. குடித்து முடித்த பிறகும் நாக்கின் அடியில் இனிப்பு ஊறிக்கொண்டிருக்கும், நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிப்பது மாதிரி.

ஐந்தாவது ஊற்றுக்குப் பிறகு ஓர் இலையை எடுத்து வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். மிளகு அளவு இருந்த உருண்டை என் கட்டைவிரல் நீளத்துக்கு முழு இலையாக விரிந்து கிடந்தது. நடுவில் பச்சை, ஓரம் முழுக்கச் செம்பு நிறத்தில் பூவேலைச் சேலைக்குக் கரை வைத்ததுபோல. கசக்கிக் கறுக்க விட்டது அந்த ஓரத்தைத்தான், உள்ளே பச்சை அப்படியே நிற்கிறது. ஊலாங் எப்படிச் செய்கிறார்கள் என்று நான் படித்தது எல்லாம் அந்த ஒரே இலையில் தெரிந்தது. கொஞ்சம் காசு சேர்த்து ஒன்றே ஒன்று வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஊலாங்தான். சூட்டில் சிறு பிழை செய்தாலும் தாங்கிக்கொள்ளும். இதற்காகவே புதுச்சேரியில் கைவேலைப் பீங்கான் குவளை இரண்டு வாங்கினேன். 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து அந்த ஊரில் குயவுத் தொழில் தழைத்திருக்கிறது, இருநூறு முந்நூறு ரூபாய்க்கு நல்ல குவளை கிடைக்கிறது. எவர்சில்வர் டம்ளர் உதட்டைச் சுடும், ஊலாங்கைச் சூடாகக் குடிக்கப் பீங்கான்தான் சௌகரியம்.

ஒயிட் டீயைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன், மனசுக்கு நெருக்கமானது அது என்பதால். இதற்குப் பேர்போன ஊர் அதே ஃபுஜியனில் உள்ள ஃபுடிங். மொட்டை மட்டும் பறித்துச் செய்வதை அங்கே வெள்ளி ஊசி என்கிறார்கள். நான் வாங்கியது கோத்தகிரிப் பக்கத்து இலை, மொட்டோடு ஓர் இளம் இலையும் இருக்கும். இருபத்தைந்து கிராம் நானூற்று ஐம்பது. மூன்று கிராம், இரண்டு ஆற்று ஆற்றிய தண்ணீர், ஐந்து நிமிஷம். மாமியார் முதல் வாய் குடித்துவிட்டு, "வைக்கப்போர் வாசம் அடிக்குதும்மா" என்றார். உண்மைதான், காய்ந்த வைக்கோல் வாசம்தான் முதலில் வரும். ஆற விட்டுக் குடித்தால் வெடித்த வெள்ளரிப்பழத்தில் நாட்டுச் சர்க்கரை தூவிய ருசி. மிகவும் மென்மையானது. வாயில் வெற்றிலை பாக்கு, ஊறுகாய் ருசி இருக்கும்போது இதைக் குடித்தால் ஒன்றும் தெரியாது. விடியற்காலையில் வெறும் வாயோடு குடிக்க வேண்டும். வெளிர் நிறமாக இருப்பதால் காஃபின் இல்லை என்று நினைக்க வேண்டாம். மொட்டில் காஃபின் நிறையவே உண்டு, ராத்திரி குடித்து நான் இரண்டு மணி வரை விழித்திருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு நாள் இதைப் போட்டுக் கொடுத்தேன். அவருடைய குடும்பம் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தது. இந்தியாவும் இலங்கையும் 1964-ல் செய்த ஒப்பந்தப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு நீலகிரியில் தேயிலை நட்டது, அதுதான் பிறகு டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. அக்காவின் அம்மா அந்த மலையில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். அக்கா டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு முதலில் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு மொட்டை எடுத்து விரல் நுனியில் உருட்டினார். அதன் மேல் இருக்கும் வெள்ளைப் பூனைமயிர் விரலில் ஒட்டியது. "கொழுந்துதான் தங்கச்சி. அம்மா கை பூரா இந்த மயிர்தான் ஒட்டியிருக்கும்" என்றார். அப்புறம் குடித்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லதெல்லாம் ஃபேக்டரிக்குப் போயிடும். எங்க லயத்து வரிசை வீட்டுல தூளுதான் கொதிச்சது. இது இப்படி இருக்கும்னு அம்மாவுக்குத் தெரியாது" என்றார்.

உடம்பு இளைக்கும் என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பி இவற்றை வாங்க வேண்டாம், ருசிக்காக வாங்குங்கள். இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை குறைக்கும். பால் டீயை நான் விடவில்லை. நாலு மணிக்கு எங்கள் ஆபீஸ் வாசல் கடையில் இஞ்சி தட்டிப் போட்ட டீ எனக்கு இன்னமும் வேண்டும். தூள் அதற்கென்றே செய்தது, பாலுக்கும் சர்க்கரைக்கும் ஈடு கொடுக்கும்.

கடைக்காரம்மா பங்குனியில் வரச் சொல்லியிருக்கிறார். மார்கழி, தை பனியில் பறித்த நீலகிரி இலை அப்போது வருமாம், வாசம் தூக்கலாக இருக்கும் என்கிறார். கிரீன் டீயும் ஒயிட் டீயும் அப்போது வாங்கிக்கொள்வேன். அதுவரை ஊலாங் போதும்.

மிச்சம் உள்ள ஆறு கிராம் ஒயிட் டீயை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, சமையலறைக்கு வெளியே துணி அலமாரியில் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு அக்காவின் அம்மா கோத்தகிரியிலிருந்து வருகிறார். இரண்டு வேளைக்கு வரும்.